ஏழாம் டேபிளில் மாமனார்

— சூப் போய் அஞ்சு நிமிஷம் ஆச்சு. கரண்டி எப்படி இருக்குன்னு சொல்லுடா.

— இப்பதான் கையில எடுத்திருக்கார் அக்கா. சும்மா சொல்லக்கூடாது, கரண்டியை எடுக்கறதுக்கே ஒரு நிமிஷம் ஆச்சு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, கறை இருக்கான்னு பார்த்து, துண்டால ஒரு தடவை துடைச்சு.

— நீ ஏன் இங்க நிக்கற? அங்க போய் நில்லு.

— ஏழாம் டேபிள் பக்கத்துலயே நின்னா வெயிட்டர்னு நினைக்க மாட்டார், போலீஸ்னு நினைச்சுப்பார். இந்தக் கதவுக் கண்ணாடி வழியாவே நல்லாத் தெரியுது.

— மேடம் என்ன பண்றாங்க?

— சாப்பிடவே இல்ல. மாமனார் வாயையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. நமக்கெல்லாம் முதலாளி, அங்க பாரு, நேத்து கல்யாணமாகி வந்த மருமக மாதிரி முந்தானையைத் திருகிட்டு இருக்காங்க.

— பயம் இருக்காதா? நாப்பது வருஷம் பெரிய பெரிய ஹோட்டல் கிச்சனை ஆட்டி வச்ச மனுஷன். பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை பேச மாட்டாராம். கரண்டியைக் கவிழ்த்து வச்சுட்டு எழுந்து போயிடுவாராம்.

— தெரியும், நீ காலையிலேர்ந்து ஒம்பது தடவை சொல்லியாச்சு.

— பத்தாவது தடவையும் கேளு. அவர் சரின்னு தலையாட்டினாத்தான் புது ரெஸ்டாரண்ட் என் கைக்கு வரும். கவிழ்த்தார்னா வெளியிலேர்ந்து யாரோ ஒரு செஃப் வருவான், நான் அவனுக்கும் வெங்காயம் நறுக்கிக் கொடுக்கணும். பதினாலு வருஷம்டா. இந்தக் கிச்சனுக்குத் தட்டு துடைக்க வந்தவ நான்.

— இருபதாவது மாடி, நாலு பக்கமும் கண்ணாடி, மெனு கார்டுல மேல உன் பேரு. தூக்கத்துலகூட இதைத்தான் சொல்ற. பக்கத்து ரூம்ல படுத்திருக்கேன், காதுல விழாம இருக்குமா?

— கதை விடாத. சூப் சரியாத்தானே இருந்துச்சு? நிஜத்தைச் சொல்லு.

— அனுப்பறதுக்கு முன்னாடி கரண்டில எடுத்து வாயில வச்சேனா இல்லையா?

— வச்ச.

— தலையாட்டினேனா இல்லையா?

— ஆட்டின.

— அப்புறம் என்ன?

— எனக்கு ஒண்ணும் தெரியலையேடா, அதான். எட்டு வாரம் ஆச்சு. அந்தப் பாழாப்போன காய்ச்சல் போகும்போது நாக்கையும் மூக்கையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. சூப்பும் ஒண்ணுதான், பாத்திரம் கழுவற தண்ணியும் ஒண்ணுதான். டாக்டர்கிட்ட எப்ப வரும்னு கேட்டா மேல கையைக் காட்டறார்.

— மெதுவா பேசு. அடுப்பு பக்கம் வாத்தியார் நிக்கறார்.

— அவர் காதுல விழாது. மீனை வறுத்துக்கிட்டே அதுக்குப் பாடம் எடுத்துக்கிட்டு இருக்கார்.

— மீனுக்கும் எடுக்கறார், எனக்கும் எடுக்கறார். தட்டை எந்தக் கையில பிடிக்கணும்னு நேத்து அரை மணி நேரம். அதனாலதானே நாம வாத்தியார்னு பேர் வச்சோம்.

— சிரிக்க வைக்காத. கண்ணாடியைப் பாரு.

— பார்த்துட்டேன். அக்கா.

— என்னடா? கவிழ்த்துட்டாரா?

— கிண்ணத்தை ஒரு பக்கமா சாய்ச்சு வழிச்சுக்கிட்டு இருக்கார்.

— நிஜமாவா?

— கடைசிச் சொட்டு வரைக்கும். கரண்டி நிமிர்ந்துதான் இருக்கு. மேடம் இப்பதான் மூச்சு விட்டாங்க. ஒண்ணு முடிஞ்சுது, இன்னும் ரெண்டு.

— மீனை எடுத்துட்டுப் போ. தோல் மேல இருக்கணும், சாய்க்காத. அவர் முன்னாடி வைக்கும்போது மொறுமொறுப்பு இருக்கணும். ஓடு.

— ஓட மாட்டேன், இது ஸ்டைலான இடம். மிதப்பேன்.

— போடா.

— வந்துட்டேன். வச்சாச்சு. ஆமா, மூணாம் டேபிள் ஜோடி இன்னும் சூப்பைத் தொடலை. போட்டோ எடுக்கறாங்க. கிண்ணத்தைச் சுத்திச் சுத்தி, நின்னுக்கிட்டு ஒண்ணு, உட்கார்ந்துக்கிட்டு ஒண்ணு. அது ஆறி ஐஸ் ஆயிடுச்சு.

— சூடு பண்ணி வேற கொடு.

— வேற கொடுத்தா அதையும் போட்டோ எடுப்பாங்க. ரெண்டாம் டேபிள் அண்ணன் இன்னும் மேல. இவ்வளவு பெரிய தட்டுல இத்தனூண்டு மீனான்னு பார்த்துட்டு, இது சாம்பிளா தம்பி, சாப்பாடு பின்னாடி வருதான்னு கேட்டார்.

— நீ என்ன சொன்ன?

— அண்ணே, பொறுமையா சாப்பிடுங்க, வளரும்னேன்.

— உன்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க.

— தூக்க மாட்டாங்க. அவர் சிரிச்சுட்டு இன்னொண்ணு கொண்டு வரச் சொல்லிட்டார். நில்லு, நில்லு. மேடம் எழுந்து இந்தப் பக்கம் வர்றாங்க.

— ஐயோ. மூஞ்சி எப்படி இருக்கு?

— மாமனார் வீட்டுக்கு வந்த மூஞ்சி.

— செஃப், பாருங்க, ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போயிடறேன். மீன் நல்லாப் போகுது. ஆனா அவர் எப்பவும் கடைசியா வர்ற கறியை வச்சுத்தான் முடிவு பண்ணுவார். நான் கல்யாணமாகி வந்த புதுசுல ஆசையா ஆட்டுக்கறி சமைச்சு வச்சேன். ஒரு வாய் வச்சார், கரண்டியைக் கவிழ்த்தார், ஹோட்டலுக்குக் கிளம்பிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அந்த வீட்ல நான் அடுப்பைத் தொடலை. அதனால அந்தச் சாஸ். சாஸ்தான் முக்கியம். ருசி பார்த்தீங்களா?

— பார்த்தாச்சு மேடம்.

— நீங்களே பார்த்தீங்களா?

— நான் பார்க்காம என் கிச்சன்லேர்ந்து எதுவும் வெளிய போகாது மேடம்.

— அது போதும். உங்க நாக்கை நம்பித்தான் நான் அந்த டேபிள்ல உட்கார்ந்திருக்கேன். ஏம்ப்பா தம்பி, நீ ஏன் கதவுக்குப் பின்னாடி நிக்கற? தண்ணி ஊத்து போ.

— இதோ போறேன் மேடம்.

— போயிட்டாங்களாடா?

— போயிட்டாங்க. முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு உனக்கு?

— கேட்டியா? உங்க நாக்கை நம்பித்தான்னு சொல்றாங்க. நானும் கூசாம பொய் சொல்றேன். பதினாலு வருஷத்துல இவங்ககிட்ட நான் பொய் சொன்னதே இல்ல.

— அதெல்லாம் அப்புறம் அழுதுக்கலாம். கறி எந்த நிலைமையில இருக்கு?

— கறி தயார். அடுப்பிலேர்ந்து இறக்கியாச்சு, ஓய்வு எடுத்துக்கிட்டு இருக்கு. சாஸை மட்டும் ஊத்தணும். அந்த உப்பு டப்பாவை எடு.

— இந்தா.

— தராசுல வை.

— எதுக்கு?

— நாக்கு போனதுலேர்ந்து நான் இப்படித்தான். ஒவ்வொண்ணுக்கும் உப்பு போட்டப்புறம் டப்பாவை நிறுத்து மூடியில எழுதி வைக்கறேன். சாஸுக்குப் போட்டப்புறம் நானூத்தி எண்பது கிராம். மூடியைப் பாரு.

— நானூத்தி எண்பதுன்னுதான் எழுதியிருக்கு. ஆனா தராசு நானூத்தி எழுபது காட்டுதே.

— என்னது?

— நானூத்தி எழுபது அக்கா.

— பத்து கிராம் எங்க போச்சு? மீனுக்கு நான் எப்பவோ போட்டாச்சு. வாத்தியார்கிட்ட கேளு. சத்தம் போடாம கேளு.

— கேட்டுட்டேன். தலையைச் சொறியறார். நீ கண்ணாடிப் பக்கம் ஓடி ஓடி வந்தியாம், டென்ஷன்ல சாஸுக்கு உப்பு மறந்திருப்பியோன்னு நினைச்சு, உதவியா இருக்கட்டும்னு அவரும் ஒரு தடவை போட்டாராம்.

— போச்சு. எல்லாம் போச்சு.

— அக்கா.

— வாயில வச்சுப் பார்த்துச் சொல்லு. எவ்வளவு தூக்கலா இருக்கு? தண்ணி விட்டு சரி பண்ணலாமா?

— இதுல பார்க்க என்ன இருக்கு? டப்பாவே சொல்லுதே. தூக்கி ஊத்து.

— அவ்வளவு மோசமாவா இருக்கு?

— ரெட்டை உப்பு, அக்கா. யோசிக்காத. எலும்புத் தண்ணி இன்னும் இருக்கா?

— இருக்கு. அடுப்புல பெரிய பாத்திரத்துல. புதுசா வத்த வைக்கணும்னா எட்டு நிமிஷம் வேணும். அவர் மீனை முடிச்சுட்டா?

— எட்டு நிமிஷம் நான் வாங்கித் தர்றேன். நீ அடுப்பைப் பாரு.

— அவர் பேசவே மாட்டாரே, எப்படி இழுப்ப?

— கத்தியை மாத்தறேன்னு போவேன். அப்புறம் அந்தக் கத்தி சரியில்லன்னு இன்னொண்ணு கொண்டு போவேன். மேஜை விரிப்புல ரொட்டித் தூள் இருக்குன்னு ஒவ்வொரு தூளா எடுப்பேன். இந்த மாதிரி இடத்துல மெதுவா செஞ்சா அதுக்குப் பேரு மரியாதை.

— போ, போ.

— முதல் கத்தி வச்சாச்சு. உனக்கு எப்படி போகுது?

— பேசாத, கேட்கவிடு. இந்தச் சத்தத்தைக் கேளு. முதல்ல பெரிசு பெரிசா கொதிக்கும். இப்போ குமிழி சின்னதாயிடுச்சு பாரு, சத்தமும் தடிச்சுப் போச்சு. இன்னும் ரெண்டு நிமிஷம்.

— ரெண்டாம் கத்திக்குப் போயிட்டு வர்றேன்.

— வா. இதோ பாரு. கரண்டிக்குப் பின்னாடி விரலால கோடு போட்டா கோடு அப்படியே நிக்குது. விரல்ல ஒட்டுது, பிசுபிசுக்கல. நிறம் பாரு, மரச்சாமானுக்குப் பாலிஷ் போட்ட மாதிரி. வெண்ணெயை இப்பதான் போடணும். ஒரு செகண்டு முன்னாடி போட்டாலும் சாஸ் திரிஞ்சுடும்.

— உப்பு?

— மூணு விரல்ல எடுத்தேன். தராசுல போட்டுப் பார்த்தேன். நினைச்ச அளவு, ஒரு பொட்டு அதிகமும் இல்ல, குறைச்சலும் இல்ல.

— விரல்லயேவா?

— பதினாலு வருஷமா போடற விரல்டா. சரி, விளையாட்டு போதும். ருசி பாரு.

— ம்.

— ம்முன்னா?

— சரியா இருக்கு அக்கா.

— நல்லா பார்த்தியா? இவ்வளவு சீக்கிரமா? புளிப்பு?

— எல்லாம் சரியா இருக்கு. ஊத்து. மேஜை விரிப்புல இனிமே எடுக்கறதுக்கு ரொட்டித் தூள் இல்ல. மேடம் என்னை முறைக்கறாங்க.

— இந்தா. தட்டை ரெண்டு கையாலயும் பிடி. கடவுளே, கடவுளே.

— கடவுளை அப்புறம் கூப்பிடு, முதல்ல கதவைத் திற.

— என்னடா, இவ்வளவு நேரம் நின்னுட்டு வர்ற? சொல்லு. கரண்டி?

— கரண்டியைப் பத்திக் கேட்காத.

— கவிழ்த்துட்டாரா?

— கீழயே வைக்கல. கறி முடிஞ்சு போச்சு. தட்டை எடுக்கலாம்னு கையை நீட்டினேன், தட்டு விளிம்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். விட மாட்டேங்கறார். ரொட்டியைப் பிச்சு சாஸைத் துடைச்சுச் சாப்பிடறார். எழுபது வயசு மனுஷன், கோட்டு டையோட, ஸ்கூல் பிள்ளை மாதிரி தட்டைத் துடைக்கறார். ரெண்டாம் டேபிள் அண்ணன் அதைப் பார்த்துட்டு, எனக்கும் அந்த ரொட்டி வேணும்ங்கறார்.

— விளையாடாத.

— விளையாடல. போய் நீயே கண்ணாடில பாரு.

— ஆமாடா. ஆமா. துடைக்கறார்.

— அழாத. சாஸ்ல உப்பு ஏறிடும்.

— அழல. சந்தோஷமா இருக்கு. ரொம்ப சந்தோஷமா இருக்குடா.

— மேடம் வர்றாங்க. கண்ணைத் துடை.

— செஃப், எங்க இருக்கீங்க? பாருங்க, ஒரே வார்த்தைல சொல்லிடறேன். ஜெயிச்சுட்டீங்க. இல்ல, ஒரே வார்த்தை போதாது. மாமனார் வாயைத் திறந்து பேசினார். இருபத்திரண்டு வருஷத்துல எங்கிட்ட மொத்தமா இவ்வளவு பேசினதில்ல. சூப்புல கடைசியா ஒரு துளி எலுமிச்சை விட்டிருக்காங்களே, அது யோசிச்சு விட்டது இல்ல, அது தெரிஞ்சு விட்டதுன்னார். சாஸை இன்னும் கொஞ்சம் சின்னக் கிண்ணத்துல வேணும்னு கேட்டு வாங்கிக் குடிச்சார். குடிச்சார் செஃப். அப்புறம் என்னைப் பார்த்து, இந்த மாதிரி நாக்கு லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இருக்கும், கிச்சனை இவங்க கையில கொடுத்துட்டு நீ நிம்மதியா தூங்குன்னார்.

— மேடம்.

— இருங்க, இன்னும் முடியல. ஒண்ணாம் தேதிலேர்ந்து இருபதாவது மாடி உங்களோடது. மெனு உங்களோடது, ஆட்களை எடுக்கறது உங்களோடது. கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான். அதுக்கு முன்னாடி அந்த நாக்கு உள்ளவங்களை நேர்ல பார்க்கணும்னு சொல்றார். காபி வர்றதுக்குள்ள டேபிளுக்கு வாங்க. ஏப்ரனை மாத்திக்கிட்டு வாங்க. இல்ல, மாத்த வேண்டாம், இப்படியே வாங்க. தம்பி, நீயும் நல்லா வேலை செஞ்ச. ஆனா எதுக்குப்பா நாலு தடவை கத்தி மாத்தின?

— மரியாதை மேடம்.

— என்னவோ போ. நான் போறேன், அவர் தனியா இருக்கார். சீக்கிரம் செஃப்.

— அக்கா. அக்கா, கேட்டியா? இருபதாவது மாடி. சும்மா சொல்லக்கூடாது, நான் உன்னைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கணும், ஆனா வாத்தியார் பார்த்துக்கிட்டு இருக்கார்.

— ம்.

— என்ன ம்? போ, காபி ஆறிடும். தலையைச் சரி பண்ணு.

— எலுமிச்சையைச் சொன்னாங்க பாரு.

— ஆமா, அதுக்கென்ன?

— அது நீ சொன்னது. சூப்பு இறக்கும்போது ஒரு துளி எலுமிச்சை வேணும்னு நீதானே சொன்ன.

— நீ கையில பாதி எலுமிச்சையை வச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நின்ன. நான் வேற என்ன சொல்லுவேன்?

— கதை விடாத. சாஸைத் தூக்கி ஊத்தச் சொன்னதும் நீ. லட்சத்துல ஒரு நாக்குன்னு அவர் சொன்னாரே, அது என் வாயில இல்லடா, உன் வாயில இருக்கு. எட்டு வாரமா இந்தக் கிச்சன்லேர்ந்து போன ஒவ்வொரு தட்டுக்கும் தலையாட்டினது நீ.

— அதனால இப்ப என்ன?

— அதனால போய்ச் சொல்லப் போறேன். ஐயா, எனக்கு உப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது, நாக்கு என் தம்பியோடதுன்னு. கொடுக்கறதா இருந்தா அவனுக்குக் கொடுங்கன்னு.

— பைத்தியமா உனக்கு? எனக்கு முட்டையே வேகவைக்கத் தெரியாது.

— கத்துக்கலாம். நாக்கைக் கத்துக்க முடியாது. நான் என்ன பண்ணப் போறேன் சொல்லு, இருபதாவது மாடில ஆயுசு முழுக்க உன்னைப் பக்கத்துல கட்டி வச்சுக்கிட்டு, கரண்டியை நீட்டிக்கிட்டே இருக்கப் போறேனா? உனக்குக் கல்யாணம் ஆகும், வேற வேலை கிடைக்கும், ஒரு நாள் ஜலதோஷம் பிடிக்கும். அன்னைக்கு நான் யாரு? மெனு கார்டுல பேர் போட்ட ஏமாத்துக்காரி.

— அக்கா, நான் சொல்றதைக் கேளு.

— கேட்க மாட்டேன். எனக்கு இன்னைக்கு மாதிரி சந்தோஷம் வாழ்க்கையில வந்ததில்ல. ஆனா அது என்னோடதா இல்லையே. திருடின நகையைப் போட்டுக்கிட்டு கண்ணாடி பார்க்கற மாதிரி இருக்கு. வழியை விடு.

— விட மாட்டேன். நாக்கு போச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கு நீ ராஜினாமா எழுதி மேஜை மேல வச்சுட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டு மூணு நாள் எழுந்திருக்கல. அதனாலதான் நான் ருசி பார்க்கறேன், நீ சமைன்னு சொன்னேன். நாலு நாள்ல எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன்.

— நீ செஞ்சதை நான் மறக்க மாட்டேன்டா. அதனாலதான் உன் பேரைச் சொல்லப் போறேன். தள்ளு.

— சொல்லிடாத அக்கா. சொன்னா அவர் என் வாயில ஒரு கரண்டி சாஸை ஊத்தி எப்படி இருக்குன்னு கேட்பார்.

— கேட்கட்டும். நீ சொல்லு.

— என்னத்தைச் சொல்ல? நீ காய்ச்சல்ல கிடந்த அதே வாரம் எனக்கும் அடிச்சுது அக்கா, உனக்குத் தெரிய வேண்டாம்னு மாத்திரையை முழுங்கிட்டு வேலைக்கு வந்தேன். எட்டு வாரமா எனக்கும் ஒண்ணுமே தெரியல, நீ நீட்டின கரண்டிக்கெல்லாம் சும்மா தலையை ஆட்டிக்கிட்டு இருக்கேன்.